மெய்நிகர் நினைவகமும் பக்கக் கோப்பின் அளவும்: அரூர் வட்டாரத் தமிழாய்வுப் பணியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுப் படிகளையும் வருடப்பட்ட நூல்களையும் விண்டோஸ் கணினியில் வைத்து ஆராயும் தமிழாய்வாளர், நினைவகப் பற்றாக்குறையால் தட்டச்சிட்ட பணியை இழக்க நேரிடுகிறது. இதற்குத் தீர்வாகச் சொல்லப்படும் இரு வழக்கங்கள் உள்ளன. ஒன்று பக்கக் கோப்பை நினைவகத்தின் ஒன்றரை மடங்காக வைப்பது. மற்றொன்று அதனை அறவே நீக்கிவிடுவது. இரண்டும் பொருந்தாதவை என்பதையும், ஆய்வாளர் தம் பணியின் உச்சத் தேவையை அளந்தே அளவைத் தீர்மானித்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் நினைவகம், பக்கக் கோப்பு, ஒப்பளிப்பு வரம்பு, பக்கமின்மை, வருடிய படிமம், ஒருங்குறி.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டாரம் தமிழாய்வுக்குரிய மூலங்கள் செறிந்தது. தீர்த்தமலைக் கோயிற் கல்வெட்டுகள், தருமபுரிப் பகுதியெங்கும் பரவிக் கிடக்கும் வட்டெழுத்து நடுகற்கள், அரூரை அடுத்த சித்தேரி மலைவாழ் மக்களின் வாய்மொழி வழக்காறுகள் எனக் கள ஆய்வாளருக்கு வேலை குறைவதில்லை. குறைவது கருவியின் வலிமை. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், இதுபோன்ற ஊர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரின் கையில் முதன்முதலாகக் கணினியைக் கொண்டு சேர்த்தது. அந்தத் தலைமுறை மடிக்கணினிகளும் அவற்றுக்குச் சற்றுப் பிந்தியவையும் பெரும்பாலும் 2 அல்லது 4 ஜி.பி. நினைவகம் கொண்டவை. பட்டப்படிப்பில் கட்டுரை தட்டச்சிட அவை போதுமாயிருந்தன. அதே கணினியில் முனைவர்பட்ட ஆய்வுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் வருடிய நூல்கள் நான்கும், கல்வெட்டு ஒளிப்படங்கள் நாற்பதும், உலாவியும், சொற்செயலியும் ஒருங்கே திறக்கப்படும்போது கணினி திணறுகிறது. சில வேளை நிரல் தானாக மூடிக்கொள்கிறது. அதுவரை சேமிக்காத பாடம் போய்விடுகிறது. சிதைந்த கல்லெழுத்தை ஒரு பகற்பொழுது முழுவதும் உற்றுநோக்கிப் படித்த வாசிப்பு அவ்வாறு மறைவது சிறு இழப்பன்று. அதே கண்ணோட்டம் மறுநாள் வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

கணினி வல்லார் அருகில் இல்லாத நிலையில் இச்சிக்கலுக்கு வாய்வழிக் குறிப்புகளே மருந்தாகின்றன. அவற்றுள் சரியானதும் உண்டு, தவறானதே மிகுதி. அவற்றைப் பகுத்தறிய, மெய்நிகர் நினைவகம் என்பது யாது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘விர்ச்சுவல்’ எனும் அடையைத் தமிழ் ஒரே சொல்லால் பெயர்த்ததில்லை. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்ததும் அதே அடைதான். தமிழ்ப் பெயரில் அது ‘இணைய’ ஆயிற்று. நினைவகத்தைப் பொறுத்தவரை ‘மெய்நிகர்’, ‘தோற்ற’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. மெய்யை நிகர்த்தது எனும் பொருளில் ‘மெய்நிகர்’ நிலைபெற்றுவிட்டமையால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது. ஆயினும் அச்சொல் ஒரு மயக்கத்தைத் தரும். மெய்நிகர் நினைவகம் என்றால் வன்வட்டில் வைத்த போலி நினைவகம் என்று பலர் கருதுகின்றனர். அது பக்கக் கோப்பைக் குறிக்கும். மெய்நிகர் நினைவகத்தைக் குறிக்காது.

ஒவ்வொரு நிரலுக்கும் கணினி ஒரு தனி முகவரி வெளியைக் காட்டுகிறது. நிரல் அதனைத் தொடர்ச்சியான, தனக்கே உரிய வெளியாகக் காண்கிறது. உண்மையில் அவ்வெளி 4,096 பைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் முதன்மை நினைவகத்தின் ஏதோ ஒரு சட்டத்திலோ வட்டிலோ இருக்கிறது. சில பக்கங்கள் இன்னும் எங்கும் இடம்பெறாமலும் இருக்கலாம். எது எங்குள்ளது என்பதைப் பக்க அட்டவணை கூறும். கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையெனில் செயலி நிரலை நிறுத்தி இயக்க முறைமையை அழைக்கிறது. இந்நிகழ்வைப் ‘பக்கப் பிழை’ எனப் பெயர்ப்பது வழக்கம். எனினும் இதில் பிழை ஏதுமில்லை, பக்கம் அங்கில்லை என்பதே செய்தி. ‘பக்கமின்மை’ என்பதே பொருத்தமுடையது. நினைவகத்தின் வேறொரு மூலையிலிருந்தே பக்கத்தை மீட்க முடிந்தால் அது மென்பக்கமின்மை. வட்டுக்குச் சென்றே ஆகவேண்டுமெனில் வன்பக்கமின்மை. கணினி திணறுவதற்குக் காரணம் பின்னதே.

இவ்வமைப்பின் முன்னோடி இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயக்கத்துக்கு வந்த அட்லஸ் கணினி. டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அக்கணினியில் காந்த உள்ளக நினைவகம் 16,384 சொற்களையும், சுழலும் உருளை 98,304 சொற்களையும் கொண்டிருந்தன. நிரல் எழுதுபவர் இவ்விரண்டையும் ஒரே சேமிப்பகமாகக் கருதி எழுதலாம். எது எப்போது எங்கே இருக்கவேண்டும் என்பதை எந்திரமே பார்த்துக்கொள்ளும். இன்றைய விண்டோஸ் செய்வதும் அடிப்படையில் இதுவே. உருளையின் இடத்தை ‘பேஜ்ஃபைல் புள்ளி சிஸ்’ எனும் மறைகோப்பு எடுத்துக்கொண்டுள்ளது. அதுவே பக்கக் கோப்பு.

நேர வேறுபாடு

முதன்மை நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். சுழலும் வன்வட்டை அணுக ஏறத்தாழ 10 மில்லிநொடி. அதாவது ஒரு லட்சம் மடங்கு. திண்ம நிலை வட்டுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோநொடி, ஆயிரம் மடங்கு. இவ்வெண்கள் மனத்தில் நிற்பதில்லை. மேசைமேல் உள்ள அகராதியை எடுக்க ஒரு நொடி எனக் கொண்டால், திண்ம நிலை வட்டை நாடுவது ஏறத்தாழ 17 நிமிடம், அரூர் நூலகம்வரை சென்று நூலோடு திரும்புவதற்கு ஒப்பு. சுழல்வட்டை நாடுவது 27 மணி நேரத்திற்கும் மேல். மொரப்பூரில் தொடர்வண்டி ஏறிச் சென்னை சென்று ஆய்வு நூலகம் ஒன்றில் நூலைக் கண்டு ஊர் திரும்புவதற்கு ஆகும் பொழுது அது. எப்போதோ ஒருமுறை அவ்வாறு சென்று வருவதில் தவறில்லை. ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் சென்னை செல்ல நேர்ந்தால் ஆய்வு நகராது. நிரல்களுக்கும் இந்நிலை நேரும். ஒரு காலப்பகுதியில் நிரல் இடைவிடாது தொடும் பக்கங்களின் தொகுதியைப் பீட்டர் டென்னிங் 1968இல் வரையறுத்துக் காட்டினார். எல்லா நிரல்களின் அத்தகைய தொகுதிகளும் சேர்ந்து நினைவகத்தை விஞ்சும்போது கணினி பக்கங்களை மாற்றுவதிலேயே காலத்தைக் கழிக்கும். வட்டு விளக்கு அணையாது எரிய, சுட்டி நகராது நிற்கும்.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. பக்கக் கோப்பு வேகத்தைத் தருவதன்று. 4 ஜி.பி. நினைவகக் கணினியில் 12 ஜி.பி. பக்கக் கோப்பை வைத்தாலும் அது 16 ஜி.பி. கணினியாகிவிடாது. பக்கக் கோப்பு தருவது இடம். இடமின்மையால் நிரல் மாளாதிருத்தல்.

எழுத்தின் எடையும் படிமத்தின் எடையும்

நினைவகத்தை நிரப்புவது எது? தமிழ் எழுத்துகளே இடத்தை மிகுதியாகக் கொள்கின்றன எனும் எண்ணம் தமிழ்க் கணிமை உரையாடல்களில் நெடுநாளாக உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பரிந்துரைத்த தாம், தாப் குறியேற்றங்கள் ஒற்றைப் பைட்டினவை. ஒருங்குறியோ உயிர்மெய்யை அகர உயிர்மெய்யும் துணைக்குறியுமாகப் பிரிக்கிறது. ‘தீர்த்தமலை’ எனும் பெயர் தமிழ் மரபில் 6 எழுத்து. ஒருங்குறியில் 10 குறியீட்டுப் புள்ளிகள். யுடிஎஃப்-8 முறையில் கோப்பாகச் சேமித்தால் 30 பைட்டு. விண்டோஸ் தன் உள்ளே ஆளும் யுடிஎஃப்-16 முறையில் 20 பைட்டு. 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் எழுத்துக்கு 2 பைட்டு வீதம் 12 பைட்டே போதும். எழுத்தெண்ணிக்கை, யாப்பாய்வு போன்றவற்றில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதே. நினைவக நெருக்கடியில் அதற்கு இடமில்லை என்பதைக் கீழ்வரும் கணக்குக் காட்டும்.

திருக்குறளின் 1,330 குறள்களுக்கும், குறள் ஒன்றுக்கு இடைவெளிகள் உட்படத் தாராளமாக 100 குறியீட்டுப் புள்ளிகள் எனக் கொண்டால், யுடிஎஃப்-16 முறையில் 2,66,000 பைட்டு ஆகும். இது 65 நினைவகப் பக்கங்களில் அடங்கும். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி எனும் செறிவில் வண்ணத்தில் வருடினால் 2,480 × 3,508 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு வீதம் 2,60,99,520 பைட்டு, அதாவது 6,372 நினைவகப் பக்கங்கள். ஒரே தாளின் படிமம், குறள் முழுவதையும் 98 முறை வைக்கத்தக்க இடத்தை அடைத்துக்கொள்கிறது. செறிவை 600 புள்ளியாக்கினால் நான்கு மடங்கு.

வட்டில் அதே படிமம் சுருக்கப்பட்டு 1 எம்.பி.க்குள் கிடக்கலாம். ஆய்வாளரை ஏமாற்றுவது இதுவே. கோப்பின் அளவைப் பார்த்து ‘இது சிறியது’ என எண்ணுகிறார். திறக்கும்போது சுருக்கம் விரிந்து புள்ளிதோறும் இடம் கேட்கிறது. 12 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்த கல்வெட்டுப் படம் ஒன்று 4,000 × 3,000 புள்ளி. படத்திருத்தும் நிரல்கள் பல புள்ளிக்கு 4 பைட்டு கொள்வதால் அது 48 எம்.பி. ஆகும். நாற்பது படங்களை ஒருங்கே திறந்தால் 1.9 ஜி.பி.; ஒவ்வொன்றிலும் எழுத்தை வரைந்து காட்ட ஓர் அடுக்குச் சேர்த்தால் அது இருமடங்காகலாம். 4 ஜி.பி. கணினியில் இயக்க முறைமைக்கும் உலாவிக்கும் போக மீதமிருப்பதை எண்ணினால் நெருக்கடி விளங்கும். மாறாக, பிடிஎஃப் படிக்கும் நிரல்கள் பொதுவாகக் கண்முன் உள்ள பக்கங்களையும் அவற்றின் அயலையும் மட்டுமே விரிப்பதால் 500 பக்க நூல் திறந்திருப்பதே தனிப்பெருஞ்சுமையாகாது. அந்நூலை முழுவதும் எழுத்துணரி நிரலுக்குக் கொடுத்து, பக்கங்கள் அனைத்தையும் ஒருசேரப் படிமமாக்கும்போதுதான் இடர்.

அச்சு நூலை எழுத்துணரிக்காக வருடுவோர் வண்ணத்தைத் தவிர்த்துச் சாம்பல் நிறத்தில் வருடினால் இடம் மூன்றிலொன்றாகும். ஓலையையும் மைப்படியையும் அவ்வாறு செய்தல் கூடாது. கறையும் கீறலும் எழுத்தும் நிறத்தாலேயே பிரித்தறியப்படுவன. அங்கு மிச்சம் பிடிப்பது ஆய்வைக் கெடுக்கும்.

ஒப்பளிப்பு வரம்பு

நிரலொன்று நினைவகம் கேட்கும்போது விண்டோஸ் அக்கணமே சட்டத்தை எடுத்துத் தருவதில்லை. ‘தேவைப்படும்போது தருவேன்’ என ஒப்புக்கொள்கிறது. இது ஒப்பளிப்பு. ஒப்பளித்த அனைத்தையும் எங்கேனும் வைக்க இயலவேண்டும் என்பதால், முதன்மை நினைவகமும் பக்கக் கோப்பும் சேர்ந்த அளவே ஒப்பளிப்பின் வரம்பு. வரம்பைத் தொட்டபின் வரும் கோரிக்கை மறுக்கப்படுகிறது. மறுப்பை நயமாக ஏற்கும் நிரல்கள் சில. பல அங்கேயே நின்றுவிடும். நினைவகத்தில் இடம் மிச்சமிருப்பதுபோல் தோன்றும் நிலையிலும் நிரல் மாளும் புதிருக்கு விடை இதுவே. நிறைந்தது நினைவகமன்று, வாக்குறுதியின் வரம்பு.

எப்பக்கம் பக்கக் கோப்புக்குச் செல்லும் என்பதும் அறியத்தக்கது. நிரலின் கட்டளைப் பகுதி, மாற்றமின்றிப் படிக்கப்படும் கோப்பின் பகுதி ஆகியன ஏற்கெனவே வட்டில் உள்ளன. இடம் தேவையெனில் விண்டோஸ் அவற்றைக் கைவிட்டுப் பின்னர் மூலக் கோப்பிலிருந்தே மீளப் படித்துக்கொள்ளும். பக்கக் கோப்பை நாடுவன, வேறெங்கும் படி இல்லாத, மாற்றப்பட்ட பக்கங்கள் மட்டுமே. தட்டச்சிட்டும் சேமிக்கப்படாத பாடம், விரிக்கப்பட்ட படிமம், வரைந்த அடுக்கு ஆகியவை இவ்வகையின. 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல் இவை வட்டுக்குச் செல்லுமுன் நினைவகத்திலேயே சுருக்கி வைக்கப்படுகின்றன. அதனாலும் இடம் போதாதபோதே பக்கக் கோப்பின் முறை வரும்.

பக்கக் கோப்பை நீக்கினால் வேகம் கூடும் எனும் பரவலான அறிவுரை இங்கு உடைகிறது. அதனை நீக்கினால் மாற்றப்பட்ட பக்கங்களுக்கு வெளியிடம் இல்லை; மணிக்கணக்கில் தொடப்படாமல் கிடந்தாலும் அவை நினைவகத்தை விட்டு அகலா. இடம் நெருங்கும்போது விண்டோஸ் கைவைக்கக்கூடியவை நிரல்களின் கட்டளைப் பக்கங்களே. அவற்றை எறிவதும் மீளப் படிப்பதுமாக வட்டு முன்னிலும் மிகுதியாக உழைக்கலாம். பக்கமாற்றம் நிற்பதில்லை, தவறான பக்கங்கள் மாறுகின்றன. ஒப்பளிப்பு வரம்போ நினைவகத்தின் அளவுக்குச் சுருங்குகிறது. 4 ஜி.பி. கணினியில் இதனைச் செய்வது, சேமிக்காத பாடத்தைத் தெரிந்தே விளிம்பில் வைப்பதாகும். 32 ஜி.பி. கணினியில் செய்து பார்த்து நலமென்று கூறுவோர் பொய் கூறவில்லை. அவர்தம் பணி அவ்வரம்பைத் தொடுவதில்லை, அவ்வளவே.

ஒன்றரை மடங்கு எனும் விதி

நினைவகத்தின் ஒன்றரை மடங்கு தொடக்க அளவு, மூன்று மடங்கு உச்ச அளவு என்பது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இயல்நிலை. அக்காலத்துக் கணினியில் 128 அல்லது 256 எம்.பி. நினைவகம் இருந்தது, கணினி செயலிழந்தால் நினைவகம் முழுவதையும் வட்டில் பதிவதற்கும் பக்கக் கோப்பே இடமளித்தது. அச்சூழலில் ஒரு பொதுக்கணக்குத் தேவைப்பட்டது. அதனை இன்றும் விதியாகக் கொள்வதில் தருக்கப் பிழை உள்ளது. இவ்விதிப்படி நினைவகம் மிகுந்தவருக்குப் பெரிய பக்கக் கோப்பும் குறைந்தவருக்குச் சிறிய பக்கக் கோப்பும் கிடைக்கும். ஒரே பணியைச் செய்யும் இருவருள் வெளியிடம் மிகுதியாகத் தேவைப்படுபவர் நினைவகம் குறைந்தவரே. விதி தலைகீழாக நிற்கிறது.

விண்டோஸின் தன்னியக்க முறை இதனினும் மேலானது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பக்கக் கோப்பின் உச்ச அளவு நினைவகத்தின் மூன்று மடங்கு அல்லது 4 ஜி.பி., இவற்றுள் பெரியது. ஆயினும் வட்டுப் பிரிவின் எட்டிலொரு பங்குக்கு மிகாது. இறுதிக் கட்டுப்பாடே சிறு கணினிகளில் உறைக்கும். 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் மூன்று மடங்கு 12 ஜி.பி. ஆனாலும், சி பிரிவு 60 ஜி.பி.யாகப் பிரிக்கப்பட்டிருந்தால் உச்சம் 7.5 ஜி.பி.யே. அப்பிரிவையும் வருடிய நூல்கள் அடைத்துக் கொண்டால் அந்த 7.5 ஜி.பி.யும் எழுத்தளவில் நிற்கும். விற்பனையாளர் சி பிரிவைச் சிறிதாகவும் டி பிரிவைப் பெரிதாகவும் வகுத்துத் தரும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆய்வாளர் முதலில் செய்யவேண்டுவது அளவை மாற்றுவதன்று. மேசைத்தளத்திலும் பதிவிறக்க உறையிலும் கிடக்கும் நூல்களை டி பிரிவுக்கு நகர்த்துவது. பலருக்குச் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும்.

அளந்து வைத்தல்

அதன்பின்னும் நெருக்கடி தொடர்ந்தால் அளத்தல் வேண்டும். விண்டோஸின் உள்ளமைப்பை விரிவாக எழுதியவரான மார்க் ரசினோவிச் 2008இல் முன்வைத்த முறை எளியது. தம் பணியில் ஒருங்கே திறக்கப்படும் நிரல்கள், கோப்புகள் அனைத்தையும் திறந்து, மிகக் கடிய பணியைச் செய்து, அப்போது ஒப்பளிப்பு எட்டும் உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சத்திலிருந்து நினைவகத்தின் அளவைக் கழித்து வருவது பக்கக் கோப்பின் தொடக்க அளவு. அதன் இருமடங்கு உச்ச அளவு.

டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’ என்பதைத் தெரிவு செய்தால் ‘கமிட்டெட்’ எனும் தலைப்பின்கீழ் இரண்டு எண்கள் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னது நடப்பு ஒப்பளிப்பு, பின்னது வரம்பு. உச்சத்தை அது தனியே காட்டாது. மைக்ரோசாஃப்டின் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ காட்டும். ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ எனும் கருவியில் நொடிக்கு எத்தனை வன்பக்கமின்மை நிகழ்கிறது என்பதையும் நிரல்வாரியாகக் காணலாம். எண் எப்போதாவது எழுந்து அடங்கினால் கவலையில்லை. பணி நேரம் முழுவதும் நூற்றுக்கணக்கில் நின்றால், பக்கக் கோப்பை எவ்வளவு பெருக்கினும் பயனில்லை. நினைவகமே கூட்டப்பட வேண்டும்.

4 ஜி.பி. கணினியில் கல்வெட்டுப் படங்களோடு பணிபுரியும் ஒருவர் அளந்த உச்சம் 7 ஜி.பி. எனக் கொள்வோம். தொடக்க அளவு 3 ஜி.பி., அதாவது 3,072 எம்.பி.; உச்ச அளவு 6,144 எம்.பி. ஒப்பளிப்பு வரம்பு தேவைக்கேற்ப 10 ஜி.பி. வரை விரியும். அதே பணியை 8 ஜி.பி. கணினியில் செய்பவருக்குக் கழித்தல் விடை சுழியத்துக்குக் கீழே போகிறது; அவர் தன்னியக்க முறையையே விட்டுவைக்கலாம். பக்கக் கோப்பு தேவையில்லை என்பது இதன் பொருளன்று.

அளவை மாற்றும் இடம் சற்று ஆழத்தில் உள்ளது. ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘சிஸ்டம்’, அதில் ‘அபௌட்’, அங்குள்ள ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியின் ‘செட்டிங்ஸ்’, பின்னர் ‘அட்வான்ஸ்டு’, பின்னர் ‘விர்ச்சுவல் மெமரி’ என்பதன் ‘சேஞ்ச்’ எனச் செல்ல வேண்டும். மேலேயுள்ள தன்னியக்கக் குறியை எடுத்துவிட்டு, வட்டுப் பிரிவைத் தெரிந்து, ‘கஸ்டம் சைஸ்’ என்பதன்கீழ் இரு அளவுகளையும் எம்.பி.யில் இட்டு, ‘செட்’ எனும் பொத்தானை அழுத்த வேண்டும். இப்பொத்தானை அழுத்தாமல் ‘ஓகே’ கொடுத்துவிட்டு மாற்றம் நிகழவில்லை எனக் கலங்குவோர் உளர். அளவைக் குறைத்தால் கணினியை மறுதொடக்கம் செய்தாக வேண்டும்.

கணினியில் திண்ம நிலை வட்டும் சுழல்வட்டும் இருப்பின் பக்கக் கோப்பு முன்னதில் இருத்தலே தகும். தேய்ந்துவிடும் எனும் அச்சத்தால் அதனைச் சுழல்வட்டுக்கு மாற்றுவது, நூலகம் அரூரிலேயே இருக்கச் சென்னைக்குச் செல்வதாகும்.

ஒரு நிலையில் மேற்சொன்ன எதுவும் பயன் தராது. பழைய எழுத்துணரிகளும் எழுத்துரு மாற்றிகளும் 32 பிட்டு நிரல்களாக இருப்பதுண்டு. அத்தகைய நிரலுக்குரிய முகவரி வெளி இயல்பாக 2 ஜி.பி. மட்டுமே. கணினியில் 16 ஜி.பி. நினைவகமும் அதற்கேற்ற பக்கக் கோப்பும் இருப்பினும் அந்நிரல் தன் 2 ஜி.பி. நிறைந்ததும் நினைவகம் போதவில்லை என்றே கூறும். டாஸ்க் மேனேஜரில் ஒப்பளிப்பு வரம்புக்கு வெகு கீழே இருக்க, ஒரு நிரல் மட்டும் இவ்வாறு முறையிட்டால் காரணம் இதுவாகலாம். நூலை ஐம்பது ஐம்பது பக்கங்களாகப் பிரித்துக் கொடுப்பதே அங்கு வழி.

பக்கக் கோப்பில் தங்கும் களத்தரவு

பக்கக் கோப்பு சேமிப்பகமன்று. மின்தடையில் கணினி அணைந்தால் அதிலுள்ள பாடத்தை எந்நிரலும் மீட்டுத் தராது. பழைய மடிக்கணினிகளின் மின்கலம் சில நிமிடமே தாங்கும் நிலையில் இதனை மறத்தலாகாது. ஆயினும் நிரலால் மீட்க இயலாதது வட்டிலிருந்து மறைந்துவிடுவதில்லை. நினைவகத்திலிருந்து எழுதப்பட்ட பக்கங்கள் அக்கோப்பில் அப்படியே கிடக்கின்றன. உரிய கருவி கொண்டு வட்டை ஆராய்பவர் அவற்றிலிருந்து சொற்றொடர்களை வெளிக்கொணர முடியும். திறந்து படித்த ஆவணம் கடவுச்சொல்லிட்டதாயினும், திரையில் விரிந்த வடிவம் நினைவகத்தில் வெளிப்படையாகவே இருந்தது.

சித்தேரி மலையூர்களில் வாய்மொழித் தரவு திரட்டும் ஆய்வாளருக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி. நிலத் தகராறு, குலப் பிணக்கு, மருத்துவ அறிவு எனத் தகவலாளர்கள் பெயர் வெளிவரலாகாது என்று சொல்லித் தருபவை ஏராளம். ஆய்வேட்டில் பெயரை மறைத்துவிட்டு, மூலக் குறிப்புகள் தங்கிய வட்டோடு கணினியைப் பழுதுபார்க்கவோ விற்கவோ கொடுத்துவிடுவது மறைத்ததைத் திறந்து வைப்பதாகும். விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ என்பதன் ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ பகுதியில், கணினி அணையும்போது பக்கக் கோப்பைச் சுழியங்களால் நிரப்பும் விருப்பு உள்ளது. அதனை இயக்கினால் கணினி அணைய நேரம் கூடும். பக்கக் கோப்பு பெரிதாயின் மேலும் கூடும். மின்தடையால் திடீரென அணையும்போது அது செயற்படாது. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்தல் இதனினும் உறுதியானது; பக்கக் கோப்பும் அதனுள் அடங்கும். இரண்டும் இயலாத கணினியாயின், கைமாற்றுமுன் வட்டைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொள்ளுதலே ஆய்வாளர் தகவலாளருக்குத் தந்த வாக்கைக் காக்கும்.